நன்கொடையை ஏற்பதா, மறுப்பதா? சிறிய தொண்டு அமைப்புகளுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

புதிதாகத் தொண்டு அமைப்பு தொடங்குபவர்களுக்கு, நன்கொடை திரட்டுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வருகிற நன்கொடையில் எதை வாங்கிக்கொள்ளலாம், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. எங்களுடையது சிறிய அமைப்பு. சம்பளத்துக்கு இருப்பவர் ஒருவர்தான், மற்ற எல்லோரும் தன்னார்வலர்கள். கேட்காமலே வாசலில் வந்து இறங்கிய மூட்டைகளையும், வங்கிக் கணக்கில் திடீரென்று விழுந்த தொகைகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதிலிருந்து உருவான நடைமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிச்சலுகை, ரொக்க வரம்பு, வெளிநாட்டுப் பணம் ஆகிய மூன்றுக்குமான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்த மூன்றையும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். மற்றபடி கீழே உள்ளவை எங்கும் பொருந்தும்.

1. யாரும் கொடுக்க வருவதற்கு முன்பே விதிகளை எழுதுங்கள்

கொடுக்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் "சரி, வாங்கிக்கொள்கிறோம்" என்றுதான் முடியும். முகத்துக்கு நேரே மறுக்க யாருக்கும் மனம் வராது. அதனால், எதிரில் யாரும் இல்லாதபோதே முடிவெடுத்து வைத்துவிட வேண்டும்.

இரண்டு பக்கம் போதும். நம் அமைப்பு யாருக்காக இயங்குகிறது என்பது இரண்டு வரியில். எப்போதும் வாங்குபவை, எப்போதும் வாங்காதவை, குழுவைக் கேட்டுத்தான் வாங்குபவை என்று மூன்று பட்டியல். எவ்வளவு தொகைவரை யார் முடிவெடுக்கலாம் என்பது. வாங்கியதைத் திருப்பித் தர நேர்ந்தால் அதற்கான வழி. இவ்வளவுதான். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, தேதியும் கையெழுத்தும் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது. இரண்டு கூட்டம் பிடிக்கும். நிறைவேற்றும் முன் ஒரு வழக்கறிஞரை ஒரு மணி நேரம் படித்துப் பார்க்கச் சொன்னால் நல்லது.

பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்கை ஆவணத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். அவர்களுக்குச் சட்டப்பிரிவு தனி, கிடங்கு தனி, ஊழியர் தனி. அதில் உள்ள நாற்பது விதிகளை உங்களால் கடைப்பிடிக்க முடியாது. எழுதி வைத்துவிட்டுக் கடைப்பிடிக்காத விதி பின்னால் உங்களுக்கு எதிரான ஆதாரமாகத்தான் நிற்கும்.

பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை வாங்கினால் நாம் யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களுக்கு உண்மையில் பயன்படுமா? இதைக் கட்டிக்காக்க ஆகும் பணமும் நேரமும் வேறெதற்காவது போனால் அவர்களுக்கு இன்னும் கூடுதல் பயன் கிடைக்குமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

2. பொருளாக வருவதை, வாசலுக்கு வரும் முன்பே விசாரியுங்கள்

சிறிய அமைப்புகள் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொடுப்பவருக்கு வீட்டில் இடம் காலியாகிறது, மனநிறைவும் கிடைக்கிறது. ஏற்றுவது, இறக்குவது, பிரிப்பது, சுத்தம் செய்வது, பழுது பார்ப்பது, பூட்டி வைப்பது, உதவாததைக் கழிப்பது, இந்த ஏழு செலவும் உங்கள் தலையில் விழுகின்றன. கழிப்பதற்கும் காசு வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய மெத்தை, உடைந்த மின்சாதனம், காலாவதியான மருந்து எதையும் தெருக் குப்பையில் போட முடியாது.

இது சின்ன அமைப்புகளின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1988-இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருட்களும் குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே 50 பேர் ஆறு மாதம் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. 8 சதவீதம் வந்து சேரும்போதே காலாவதியாகியிருந்தது, இன்னொரு 4 சதவீதம் உறைபனியில் கெட்டுப்போனது. போஸ்னியப் போரின்போதும் அதை ஒட்டியும், 1992 முதல் 1996 வரை வந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படுத்தவே லாயக்கற்றவை என்று மதிப்பிட்டார்கள். அனுப்பியவர்கள் அத்தனை பேரும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள்.

ஆகவே முதலில் புகைப்படம் கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், லேபிள், காலாவதித் தேதி, பழுதுள்ள இடம் என்று ஐந்து படம். படம் அனுப்பச் சிரமப்படுபவர் என்றால், யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பார்க்காமல் "கொண்டு வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். வாசல்வரை வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் அவமானம்.

பொருள்வாரியாக நாங்கள் வைத்திருக்கும் சில வரம்புகள்:

மருந்து. உலக சுகாதார அமைப்பு 1996-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. ஏற்கெனவே நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்து கூடாது, மருத்துவருக்கு இலவசமாக வந்த சாம்பிள் கூடாது, வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும். மருத்துவரோ மருந்தாளுநரோ உங்கள் குழுவில் இல்லையென்றால், மருந்தை அடியோடு மறுத்துவிடுவதே பாதுகாப்பு. பாதி தின்ற மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தேதி அச்சான முனைதான் முதலில் கிழிபட்டிருக்கும்.

குழந்தைப் பால்மாவு, பால் புட்டி. பேரிடர் நேரத்தில் இவை மூட்டை மூட்டையாக வரும், மறுக்கும்போது மனம் வலிக்கும். ஆனாலும் மறுக்க வேண்டும். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க வழியும் இல்லாத இடத்தில் புட்டிப்பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுப்பதும் நின்றுவிடும். தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனை குறித்த சர்வதேச நெறிமுறை 1981-லேயே வந்துவிட்டது. பேரிடர் காலக் குழந்தை உணவு பற்றிய சர்வதேச வழிகாட்டுதலும் இவற்றை நன்கொடையாகக் கேட்காதீர்கள், வாங்காதீர்கள் என்றே சொல்கிறது. தாயில்லாத குழந்தை போன்ற தேவைகளைச் சுகாதாரத் துறையினர் பார்த்து, அளவாக வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கணினி. எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகளை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை அலுவலகங்கள் இப்போது மொத்தமாகக் கழித்துக்கட்டுகின்றன, அதில் ஒரு பங்கு நன்கொடை என்ற பெயரில் உங்களைத் தேடி வரும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரக்கூடிய ஆள் உங்களிடம் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேண்டாம். வன்தட்டில் உள்ள தகவலை அழித்துவிட்டதாகக் கொடுப்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஹெல்மெட், குழந்தைகளுக்கான கார் இருக்கை. ஒருமுறை மோதலில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே பலம் போயிருக்கும். கடந்த காலம் தெரியாத ஒன்றை இன்னொருவர் உயிருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

சக்கர நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்களுக்கு அடிக்கடி வருவது அதுதான். கொடுப்பவரின் தாயோ தந்தையோ பயன்படுத்தியதாக இருக்கும், அதனால் அவர் குரலே தழுதழுக்கும். தள்ளிப் பார்த்தால் ஓடும். உட்கார்ந்து பார்த்தால்தான் கதை தெரியும்: ஒரு பக்கக் கால்தாங்கி காணாமல் போயிருக்கும், இருக்கைத் துணி நடுவில் தொய்ந்திருக்கும், பிரேக் கட்டை டயரைத் தொடாமல் நிற்கும். அகலம் பொருந்தாத, மெத்தை இல்லாத நாற்காலியில் முதுகுத்தண்டு அடிபட்டவர் நாள் முழுவதும் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும், அந்தப் புண் உயிரையே வாங்கக்கூடும். சக்கர நாற்காலி ஆளுக்கேற்ற அளவில் அமைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் வலியுறுத்துவது இதனால்தான். எனவே இருக்கை அகலம், கால்தாங்கி, பிரேக், டயர் நான்கையும் படத்திலேயே பார்த்துவிடுங்கள். பழுது பார்க்க ஆகும் தொகை புதிய நாற்காலி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நாங்கள் வாங்குவதில்லை. அந்த வரம்பு எங்கள் கணக்கு, நீங்கள் உங்களுக்கு ஏற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

துணிமணிக்கு ஒரே விதி: துவைத்தது, கிழியாதது, பருவத்துக்கு ஏற்றது. உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டும்.

3. பணம் வந்தால், யாரிடமிருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

சின்னத் தொகைக்குப் பெயரும் முகவரியும் போதும். பெரிய தொகைக்கு அடையாள ஆவணம், பணம் வரும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், நிறுவனம் என்றால் பதிவுச் சான்றும் உரிமையாளர் பெயரும் வேண்டும். எது பெரிய தொகை? உங்கள் ஆண்டு வரவில் 5 சதவீதத்தைத் தாண்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். பெயரை இணையத்தில் தேடுங்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் தடைப்பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது, அதிலும் தேடுங்கள். எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை. பார்த்த பக்கங்களை அச்செடுத்து, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால், நீங்கள் விசாரித்தீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

மூன்று பொறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பது. காசோலை கொடுத்திருப்பார், அல்லது திருட்டு வங்கி அட்டையிலிருந்து அனுப்பியிருப்பார். நீங்கள் மிச்சத்தை வேறு கணக்குக்கு அனுப்பிய பிறகு காசோலை திரும்பும், அல்லது அட்டைக்காரர் வங்கியில் புகார் கொடுத்து முழுத்தொகையையும் மீட்டுக்கொள்வார். திருப்பி அனுப்புவதானால் வந்த வழியிலேயே, வந்த கணக்குக்கே, பணம் உறுதியாக உங்கள் கைக்கு வந்துவிட்டதாக வங்கி சொன்ன பிறகே.

இரண்டு, உங்கள் இணையவழி நன்கொடைப் பக்கத்தில் மிகச் சிறிய தொகைகள் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் வருவது. மகிழ்ச்சி அடையாதீர்கள். திருடிய அட்டை எண்கள் வேலை செய்கின்றனவா என்று யாரோ உங்கள் பக்கத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். பணப் பரிமாற்ற நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள், குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயம் செய்யுங்கள்.

மூன்று, உங்களிடம் கொடுத்து இன்னொரு அமைப்புக்கு அனுப்பச் சொல்வது. "உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு" என்பார்கள். கறுப்புப் பணத்தை வெளுக்கும் பழைய வழி இது. தொகை எவ்வளவானாலும் மறுத்துவிடுங்கள்.

அப்புறம், சட்டப்படி சுத்தமான பணமாகவே இருந்தாலும் மறுக்க வேண்டிய நேரம் உண்டு. புகையிலைக்கு எதிராகப் பேசும் அமைப்பு சிகரெட் நிறுவனத்திடம் வாங்க முடியாது. லண்டனில் உள்ள நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு சாக்லர் அறக்கட்டளை தருவதாக இருந்த 10 லட்சம் பவுண்டு, சாக்லர் குடும்பத்தினரின் மருந்து நிறுவனம் விற்ற ஓபியாய்டு (பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய) வலிநிவாரணி பற்றிய சர்ச்சை வலுத்தபோது, 2019 மார்ச்சில் இரு தரப்பும் பேசிக் கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய அருங்காட்சியகத்துக்கே அந்த நிலை. நமக்கு இருக்கும் ஒரே சொத்து நம்மிடம் உதவி பெறுவோரின் நம்பிக்கை. அவர்கள் இந்தப் பெயரை நம் பலகையில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அவர்களில் இரண்டு பேரிடமே கேளுங்கள். குழு உறுப்பினர்களின் தனிப்பட்ட பிடித்தம், பிடிக்காதது இதற்கு அளவுகோல் ஆகாது.

4. கூடவே வரும் நிபந்தனையைப் படியுங்கள்

"இந்தப் பணத்தைப் புத்தகத்துக்கு மட்டும் செலவிடுங்கள்" என்பது நியாயமான நிபந்தனை. அதைத் தனிக் கணக்குத் தலைப்பில் வைத்து, அதற்கே செலவிட வேண்டும். பொதுச் செலவில் கலந்துவிட்டால் நம்பிக்கை மோசடி என்றாகிவிடும். எழுதி வாங்கும்போது ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: "இந்த நோக்கம் நிறைவேறிய பின்பும் மீதி இருந்தால், அல்லது நிறைவேற்ற இயலாமல் போனால், அமைப்பின் பொது நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாம்." இந்த ஒரு வரி இல்லாமல், செலவழிக்கவும் முடியாமல் திருப்பித் தரவும் முடியாமல் தொகைகள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடக்கும்.

மறுக்க வேண்டிய நிபந்தனைகள் வேறு. என் மருமகனுக்கு வேலை கொடுங்கள். இந்தக் கடையில்தான் சரக்கு வாங்க வேண்டும். குறிப்பிட்ட மதத்தினருக்கு மட்டும். வாங்கியதைவிடக் கூடுதல் தொகைக்கு ரசீது போடுங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பகுதியைக் கையில் திருப்பித் தாருங்கள். கடைசி இரண்டும் பெரும்பாலான நாடுகளில் குற்றம், பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

படம் எடுக்கிற நிபந்தனை சற்று நுட்பமானது. குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்து, கொடுப்பவர் கையால் பெறும் படம் வேண்டும் என்று கேட்பார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை, கொடுத்த மகிழ்ச்சியை நாலு பேருக்குக் காட்ட ஆசைப்படுகிறார். ஆனால் உதவி வாங்கிய முகமாக அந்தக் குழந்தை இணையத்தில் என்றைக்கும் நிற்கும். பொருட்களின் படம், நன்றிக் கடிதம், பயன்பாட்டு அறிக்கை மூன்றையும் தருகிறோம் என்று நாங்கள் சொல்வோம். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்குவதில்லை.

5. வண்டி, நிலம், கட்டடம்: பின்னால் வரும் செலவைக் கூட்டுங்கள்

வண்டி இலவசமாக வரும். ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு எதுவும் இலவசமாக வராது. ஐந்து ஆண்டுச் செலவை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், வாடகைக்கு வண்டி எடுத்தால் ஆகும் செலவை அதன் பக்கத்தில் எழுதுங்கள். தாள் சொல்வதைக் கேளுங்கள்.

நிலத்துக்கு: மூலப்பத்திரம், வில்லங்கம் இல்லை என்பதற்கான சான்று, வரி ரசீதுகள், எல்லா வாரிசுகளின் ஒப்புதல் கையெழுத்து, நில அளவை வரைபடம். பத்திரப் பதிவுச் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே பேசுங்கள். விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வரும் நிலத்தை, அங்கே என்ன செய்யப்போகிறோம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது தெரியாமல் வாங்க வேண்டாம். இதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். "இந்த வாரமே முடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கு ஏதாவது காரணம் இருக்கும், அதை விசாரியுங்கள்.

6. யார், எத்தனை நாளில் முடிவெடுப்பது

வழக்கமான பொருளும் சிறிய தொகையும் என்றால் அலுவலகத்தில் இருப்பவரே முடிவெடுக்கலாம். மற்றவை மூன்று பேர் கொண்ட சிறு குழுவுக்குப் போகட்டும். கொடுப்பவருக்கு உறவினரோ தொழில் கூட்டாளியோ குழுவில் இருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும், விலகியதையும் தீர்மானத்தில் எழுத வேண்டும்.

"உங்கள் செய்தி கிடைத்தது" என்ற பதில் இரண்டு நாளில். முடிவு ஏழு நாளில். அதுவரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், ரசீதும் கொடுக்காதீர்கள். ரசீது போட்டுவிட்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு திருப்பித் தருவது வரிக் கணக்கு வரைக்கும் இழுக்கும். பொருட்களுக்கான ரசீதில் பொருளின் பெயர், எண்ணிக்கை, நிலை மூன்றும் இருக்கட்டும். கொடுப்பவர் சொல்லும் மதிப்பை அப்படியே எழுதிக் கொடுக்காதீர்கள், மதிப்பிடுவது உங்கள் வேலை இல்லை.

7. மறுப்பதைச் சீக்கிரம் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள்

தொலைபேசியில் சொல்வது நல்லது. முதலில் நன்றி, அடுத்து ஒரே வாக்கியத்தில் மறுப்பு, அதன் பின் வேறு வழி. நாங்கள் சொல்வது இப்படி இருக்கும்: "எங்களை நினைத்துக் கூப்பிட்டதற்கு ரொம்ப நன்றிங்க. பயன்படுத்திய மருந்துகளை நாங்கள் வாங்குவதில்லை, அது எங்கள் குழு எடுத்த முடிவு. வாங்கின கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு இப்போது தேவைப்படுகிற பொருட்களின் பட்டியல் இருக்கிறது, அனுப்பட்டுமா?" முதலில் எழுதிய இரண்டு பக்க விதி இங்கேதான் கைகொடுக்கும். மறுப்பது நீங்கள் இல்லை, குழுவின் தீர்மானம் என்று அவருக்கும் புரியும்.

"பார்க்கலாம்", "அப்புறம் சொல்கிறோம்" என்று இழுக்காதீர்கள். அவர் காத்திருப்பார், வேறு யாருக்காவது பயன்பட்டிருக்கக்கூடிய பொருள் வீணாகும். பக்கத்தில் உள்ள மற்ற அமைப்புகள் எதை வாங்குகின்றன என்ற பட்டியலை, அவர்களைக் கேட்டுக்கொண்டு, கையில் வைத்திருங்கள். நமக்கு உதவாதது அவர்களுக்கு உதவும்.

பணத்தைப் பொறுத்தவரை காரணத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. "எங்கள் நன்கொடை விதிகளின்படி இதை ஏற்க இயலவில்லை" என்று கடிதத்தில் எழுதினால் போதும். சந்தேகத்தை எழுத்தில் கொட்டினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்ததாகும். உண்மையிலேயே குற்றப்பணம் என்று தோன்றினால் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். சில நாடுகளில் முதலில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், திருப்பி அனுப்புவதே சட்டச் சிக்கலாகிவிடும்.

8. மறுத்ததையும் பதிவு செய்யுங்கள்

வாங்கியதற்குப் பதிவேடு எல்லோரிடமும் இருக்கிறது. மறுத்ததற்கும் ஒன்று வையுங்கள்: தேதி, கொடுக்க வந்தவர், பொருள் அல்லது தொகை, மறுத்த காரணம், முடிவெடுத்தவர், அவருக்குச் சொன்ன மாற்று வழி. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தனிநபர் விவரம் இருப்பதால் பூட்டி வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கு முடிக்கும் நேரத்தில், அந்தப் புத்தகத்தைக் குழுவில் படியுங்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப மறுத்திருந்தால், "வேண்டாம்" பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி நுழைவாயிலிலும் இணையப் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். மறுத்த பிறகு பயன்பட்டிருக்குமே என்று தோன்றியவை இருந்தால், விதியைத் திருத்திப் புதிய தேதியோடு மறுபடி தீர்மானம் போடுங்கள். பழைய பிரதியைக் கிழித்துப் போடாதீர்கள், எந்த ஆண்டில் எந்த விதி நடப்பில் இருந்தது என்று தணிக்கையில் கேட்பார்கள்.